உக்கிரபாண்டி அடைந்த தன்னசைவு நிலை

'டொம்ம்ம்' என்று மலை அதிர ஒரு சத்தம் கேட்டது.

பொன்முகடு எஸ்டேட்டில் ஏலச்செடிகளுக்கு அடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். அந்த மலையில் திடீரென்று சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மேட்டுக் காவலுக்கு இருப்பவன் ஆனையைப் பார்த்துவிட்டுத் தகரத்தைத் தட்டுகிறான். யாரும் யாரையும் கேட்கவில்லை. வாளியைப் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சரிவில் விழுந்தடித்து ஓடினார்கள்.

மகாராணி மட்டும் கீழே ஓடவில்லை. மேலே ஓடினாள். அங்கேதான் அவள் புருஷன் உக்கிரபாண்டி செடிகளுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தான். மருந்து மோட்டார் இரைச்சலில் ஆனை பக்கத்தில் வந்து பிளிறினாலும் அவன் காதில் விழாது.

"மாமா! ஆனை! ஓஸைப் போட்டுட்டு வெரசா வா!"

உக்கிரபாண்டி மருந்துக் குழாய் ஓஸைக் கீழே போட்டான். போட்ட பிறகும் அவனுடைய வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆனை பயம் என்று மகாராணி நினைத்தாள். ஆனால் முந்தின நாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோதும் அந்தக் கை அப்படித்தான் நடுங்கியது. சோற்றுத் தட்டில் ஆனை இல்லை.

அதற்குள் கீழே ஒலிபெருக்கி அலறியது. மேனேஜர் பிரபுவின் குரல்.

"யாரும் ஓடாதீங்க! ஆனை இல்ல, தியானம்! திரும்பவும் சொல்றேன், இது ஆனை இல்ல, தியானம்!"

பயந்து ஓடுகிறவர்களை நிறுத்த வேண்டுமானால் அவர்களுக்குத் தெரிந்த சொல்லாகச் சொல்ல வேண்டும். பெண்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

பொன்முகட்டில் ஆனந்த அசைவு நிலையம் திறந்த கதை இதுதான்.

அட்டை கடித்த காலோடும் கிழிந்த சேலையோடும் எல்லாரும் டிஸ்பென்சரி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே ஒரு பெரிய வெண்கலத் தட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் வெள்ளைப் பருத்தி உடையில் ஒருவர் கண்கலங்கி நின்றார். அவர்தான் மாஸ்டர் ஈஸ்வர். பல நாடுகளில் ஆடிவிட்டு வந்தவர்.

"எத்தனையோ தேசத்துல இந்த மணிய அடிச்சிருக்கேன். ஒரே அடியில ஒரு தோட்டமே தன்னை மறந்து அசைஞ்சதை இன்னிக்குத்தான் பாக்குறேன். நீங்கள்லாம் பாதி ஞானிங்க" என்றார்.

"மீதிப் பாதி நெசமாவே ஆனை வந்தாத் தெரியும்" என்றாள் தொழிலாளர் லைனில் மகாராணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி பெரியம்மாள்.

மேனேஜர் பிரபு விளக்கினார். ஏலக்காய் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் இப்போது காயை மட்டும் பார்ப்பதில்லையாம். காயை எடுத்தவர் சந்தோஷமாக இருந்தாரா என்றும் பார்க்கிறார்களாம். இருந்தார் என்று நிரூபித்தால் பெட்டியில் 'மகிழ்ச்சித் தோட்டம்' என்று முத்திரை குத்தலாம்.

"உங்க சந்தோஷத்துக்கு என்ன செய்யலாம்னு நிர்வாகம் ரொம்ப யோசிச்சுது" என்றார் பிரபு. "மருந்தடிக்கிறவங்களுக்குக் கையுறை வாங்கலாம்னு பாத்தோம். கையுறை கைக்குத்தான பாதுகாப்பு? மனசுக்கு? முகமூடி வாங்கலாம்னு பாத்தோம். முகமூடி போட்டா நீங்க சிரிக்கிறது வெளிய தெரியாது. அதனாலதான் நேரா வேருக்கே போயிட்டோம். ஆட்டத் தியானம். ஒருத்தருக்கும் ஒரு செலவும் இல்ல."

சந்தோஷமான தோட்டத்தில் கம்பவுண்டருக்கு என்ன வேலை என்று, அவரைப் போன மாசமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்பென்சரிக் கட்டில்களை வெளியே போட்டு, தரைக்குப் பாய் விரித்தாகிவிட்டது. ஊசி மருந்து இருந்த கண்ணாடி அலமாரியில் இப்போது ஊதுபத்தியும் ஸ்பீக்கரும் இருந்தன. மாஸ்டர் குடிக்க மட்டும் மலைக்குக் கீழே போடியிலிருந்து ஜீப்பில் கேன் தண்ணீர் வந்தது. மலைத் தண்ணீர் அவருக்குக் குளிர்ச்சியாம்.

முதல் வகுப்பு அன்றைக்கே நடந்தது.

"இத்தனை வருஷமா நீங்க குனிஞ்சே இருக்கீங்க. ஏன்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"காய் செடிக்கு அடியிலதான சார் காய்க்குது" என்றாள் பெரியம்மாள்.

"அது காயோட பிரச்சினை. உங்க பிரச்சினை என்ன?"



சுதந்திர அசைவின் விதிமுறைகளை மேனேஜர் வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டு மனம் போனபடி ஆட வேண்டும். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. சும்மா நிற்கக் கூடாது. அடுத்தவரைப் பார்த்து ஆடக் கூடாது. அழுகை வந்தால் அடக்கக் கூடாது. ஆனால் அழுகைக்கு என்று மணி அடித்த பிறகுதான் அழ வேண்டும். தவறினால் ஞாயிற்றுக்கிழமை தனி வகுப்பு. சூப்பர்வைசர்கள் விசிலோடு சுற்றி நின்று, சுதந்திரமாக ஆடாதவர்களைக் கண்டுபிடிப்பார்கள்.

மகாராணி கண்ணை மூடினாள். மனம் போனபடி விட்டாள். மனம் எங்கும் போகவில்லை. உடம்புதான் தன்பாட்டுக்குக் குத்தவைத்து உட்கார்ந்தது. கை இரண்டும் காற்றில் காய் பறிக்க ஆரம்பித்தன.

விசில் ஊதியது.

"இது வேலை நினைவு. இதை விட்டு வெளிய வாங்க" என்றார் மாஸ்டர்.

"பின்ன எப்படிங்க சார் ஆடணும்?"

"எப்படி வேணும்னாலும்."

"நீங்க ஒருவாட்டி ஆடிக் காட்டுனா அப்படியே ஆடிருவேன் சார்."

"நான் காட்டினா அது சுதந்திரம் இல்லம்மா. நான் சொல்லாமலே நீங்க சரியா ஆடணும்."

மகாராணிக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு விழுந்தது. பெரியம்மாள் கெட்டிக்காரி. குலவை போட்டுக் கும்மி தட்டி ஒரு சுற்று வந்தாள். அவளுக்கும் விழுந்தது. கும்மி பரம்பரையாக வந்த ஆட்டமாம், சொந்த ஆட்டமில்லையாம்.

"சொந்த ஆட்டத்துக்கு எங்க போறது?" என்று திரும்பும் வழியில் புலம்பினாள் பெரியம்மாள். "எங்காத்தா குடுத்தது கம்மலு ஒண்ணு, கும்மி ஒண்ணு. கம்மலு அடகுல கெடக்கு. கும்மிக்கு இவன் விசில் ஊதுறான்."

மகாராணி சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரே நினைப்பு. உக்கிரபாண்டியைப் போடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். இரண்டு வாரத்தில் நடுக்கம் இரண்டு கைக்கும் வந்துவிட்டது. கண்ணில் நீர் வடிகிறது. மழைக்குளிரில் சட்டை வேர்வையில் நனைகிறது. பஸ் ரோட்டுக்கு ஒரு மேடேறி இறங்க வேண்டும்; அவனுக்கோ வாசல்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. எஸ்டேட்டில் இருப்பது ஒரே ஜீப்பு. முதல் வாரத்திலேயே நாலைந்து பேர் வகுப்பிலிருந்து நழுவி ஜீப்பில் ஏறி ஒளிந்துகொண்டதால், ஆட்டம் முடியும்வரை சாவியை மேனேஜரே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவள் புருஷனைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

"சார், இவருக்குக் கையி நிக்காம ஆடுது. ஜீப்பை விட்டீங்கன்னா ஆஸ்பத்திரி போய்ட்டு வந்துருவோம். மருந்தடிக்க வேற ஆள விடுங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பிரபு உக்கிரபாண்டியின் கைகளைப் பார்த்தார். உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உடம்பு சம்பந்தப்பட்டதெல்லாம் இப்ப நிலையத்துக்கு மாத்தியாச்சு. மாஸ்டரப் பாருங்க."

மாஸ்டர் பார்த்தார். உக்கிரபாண்டியை நடுவில் நிற்க வைத்துச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். விரல்கள் துடித்தன. தோள் வெட்டி வெட்டி இழுத்தது. கன்னத்துச் சதை தனியாகக் குதித்தது.

"எவ்வளவு நாளா இந்த நிலையில இருக்கீங்க?"

உக்கிரபாண்டி அதட்டல் என்று நினைத்துக்கொண்டு பெஞ்சாதியைப் பார்த்துச் சொன்னான். "நான் ஆட்டல புள்ள. சத்தியமா நான் ஆட்டல. அதுவாத்தான் ஆடுது."

மாஸ்டர் ஈஸ்வர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொன்னீங்க? 'நான் ஆட்டல, அதுவா ஆடுது'. இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் பாதி உலகத்தைச் சுத்தியிருக்கேன். இதுக்குப் பேருதான் தன்னசைவு நிலை. என்னோட குருவுக்கே இது கடைசி காலத்துலதான் வந்துச்சு."

"வந்து?" என்று கேட்டாள் மகாராணி.

"கொஞ்ச நாள்ல அவரும் போயிட்டார்."

அவள் ஜீப்பு கேட்டாள். ஞானம் கனிந்துவரும்போது ஊசி போட்டுக் கலைப்பது பெரிய பாவம் என்றார் மாஸ்டர். வேறு வேலையாவது கொடுங்கள் என்று கேட்டாள். எந்த வேலை செய்யும்போது இந்த நிலை வந்ததோ அந்த வேலையை நிறுத்தக் கூடாது என்றார் மாஸ்டர். இதில் மேனேஜருக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

மறுநாள் டிஸ்பென்சரிச் சுவரில் 'நான் ஆட்டல, அதுவா ஆடுது' என்று எழுதி, கீழே உக்கிரபாண்டியின் பெயரைப் போட்டார்கள். வகுப்பில் அவனை நடுவில் நிறுத்தினார்கள். அடுத்தவரைப் பார்த்து ஆடக் கூடாது என்ற விதியில் ஒரு திருத்தம் வந்தது. உக்கிரபாண்டியைப் பார்த்து ஆடலாம். எஸ்டேட் முழுக்கக் கையை உதறியது, தோளை வெட்டியது, கன்னத்தைத் துடிக்கவைக்கப் பார்த்தது. நடுக்கம் சரியாக வராதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு.

"ஏத்தா, கொழுந்தனார் எப்படி ஆடுறாருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு. எனக்கு மூணு ஞாயித்துக்கெழமை போச்சு" என்றாள் பெரியம்மாள். சொன்ன பிறகு மகாராணியின் முகத்தைப் பார்த்தாள். மகாராணியின் வாளியையும் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வகுப்பு நேரம் போக மற்ற நேரமெல்லாம் உக்கிரபாண்டி மருந்தடித்தான். மகிழ்ச்சியை மதிப்பிடும் குழு வரப்போகிறது. காயில் ஒரு சொறி, ஒரு புழுத்துளை இருக்கக் கூடாது. பனியனும் கைலியும், மூக்கில் கட்டிய துண்டும்தான் அவன் கவசம். துண்டு மருந்தில் நனைந்து முகத்தோடு ஒட்டியிருந்தது.

"போயிருவோம் மாமா" என்றாள் மகாராணி. "எப்படியாச்சும் நடந்தே போயிருவோம். நான் புடிச்சுக்கிறேன்."

"கண்ணு சரியாத் தெரியல புள்ள. ரோடு ரெண்டாத் தெரியுது. எதுல நடக்குறது?" என்றான் அவன். "குழு வந்துட்டுப் போகட்டும். அன்னிக்குச் சாயந்திரம் ஜீப்பு தாரேன்னு மேனேஜரு சொல்லிருக்காரு."

குழு வந்தது. கொச்சியிலிருந்து ஒரு அம்மாளும் ஒரு ஐயாவும். இருவருக்கும் கழுத்தில் மாலை போட்டார்கள். வெண்கலத் தட்டை அடித்தார்கள். இந்தத் தடவை ஒருவரும் ஓடவில்லை. அதுவே பெரிய முன்னேற்றம் என்று குழு குறித்துக்கொண்டது.

சுண்ணாம்பு வட்டத்துக்குள் உக்கிரபாண்டி நின்றான். அன்று காலையிலும் மருந்தடித்துவிட்டுத்தான் வந்திருந்தான். பாட்டு தொடங்கியதும் கை ஆடியது. பிறகு கால். பிறகு உடம்பு மொத்தமும். வாயில் எச்சில் கோத்து நூலாக இறங்கியது. இரண்டு கண்ணிலும் நீர் கொட்டியது. அப்படியே சரிந்து, மண்ணில் விழுந்து துடித்தான்.

"மாமா!" மகாராணி பாய்ந்தாள். ஒரு சூப்பர்வைசர் விசில் ஊதி அவள் கையைப் பிடித்தான்.

"தொடாதீங்க!" என்றார் மாஸ்டர். "இப்ப அவரத் தொட்டா எல்லாம் கலைஞ்சிரும். எல்லாரும் சுத்தி நின்னு அவரோட சேந்து அசைங்க."

எல்லாரும் அசைந்தார்கள். விசில் ஊதியது. மகாராணி மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள். கொச்சி அம்மாளின் கண்ணில் நீர் நிறைந்தது.

"எவ்வளவு திறந்த மனசு!" என்றாள் அந்த அம்மாள். "இந்தப் பெண்ணும் ஏதாவது நிலையை அடைஞ்சிருக்காங்களா?"

"அது அவரோட மனைவிங்க மேடம்" என்றார் மேனேஜர். "குடும்பமே ஈடுபாடு உள்ள குடும்பம். அழுகைக்கு இன்னும் மணி அடிக்கல. அதுக்குள்ள தானாவே வந்திருச்சு பாருங்க."

குழு கைதட்டியது.

மகாராணி சுற்றிலும் பார்த்தாள். ஜீப்பு மரத்தடியில் நின்றது. டிரைவர் கோட்டைச்சாமி அதில் சாய்ந்துகொண்டு, ஆடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சாவி மேனேஜரின் சட்டைப்பையில். அழுகைக்குச் சாவி வரவில்லை. கும்பிட்டதற்கும் வரவில்லை. அந்த மலையில் எதற்கு வரும் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

கையை உதறிக்கொண்டு ஓடினாள். கட்டையை எடுத்து வெண்கலத் தட்டில் ஓங்கி அடித்தாள்.

"ஆனை! ஆனை! மேட்டுல ஆனை!"

வட்டம் சிதறியது. வாய் கிழியக் கத்தியது ஒரு பொம்பளை, அடித்தது தியான மணி; ஆனாலும் இந்த முறை யாரும் தியானம் என்று சொல்லவில்லை. மேனேஜர் பிரபு சட்டைப்பையைக் கிழிக்காத குறையாகச் சாவியை எடுத்துக் கோட்டைச்சாமியிடம் வீசினார். அவள் நினைத்ததெல்லாம் நடந்தது. சாவி வந்துவிட்டது. ஜீப்பு உறுமியது. அவள் புருஷனின் தோளுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினாள். பெரியம்மாள் ஓடாமல் நின்று காலைப் பிடித்தாள்.

அவர்கள் ஜீப்பருகே வருவதற்குள் ஜீப்பு நிறைந்துவிட்டது. முன்சீட்டில் மாஸ்டர். பின்னால் கொச்சிக்காரர்கள், மடியில் மாலை. தொற்றிக்கொண்டு பிரபு.

"சார், ஆனையெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றான் கோட்டைச்சாமி. "அந்தாள ஏத்திக்கிருவோம் சார், கையெடுத்துக் கும்புடுறேன்."

"பேசாம வண்டிய எடு! கெஸ்ட் உள்ள இருக்காங்க!"

ஜீப்பு பங்களாவை நோக்கிப் பறந்தது.

கோட்டைச்சாமி அவர்களை இறக்கிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். மகாராணியும் பெரியம்மாளும் உக்கிரபாண்டியை ஜீப்பின் தரையில் கிடத்தினார்கள். மகாராணி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். போடிமெட்டு தாண்டி வளைவுகளில் ஜீப்பு இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பு ஆடியது, அவளும் ஆடினாள், அவனும் ஆடினான். "இந்தா வந்துட்டோம் மாமா, அடிவாரம் முந்தலு வந்துருச்சு, இந்தா போடி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்பு நின்றது. அது நின்ற பிறகுதான், ஆடிக்கொண்டு வந்தது ஜீப்பு மட்டும்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

பதினாறாம் நாள் முடிந்து அவள் மலைக்குத் திரும்பினாள். லைன் வீட்டில் சாமான் இருந்தது. கீழே சொந்தமாக வீடு இல்லை. அன்றைக்கே இரங்கல் கூட்டம் வைத்திருந்தார்கள்.

"ஆட்டத்தோட உச்சம் எது?" என்று மாஸ்டர் பேசினார். "அசையாமை. நாம எல்லாரும் அதுக்குத்தான் பாடுபடுறோம். ஒரு சாதாரணத் தொழிலாளி நமக்கெல்லாம் முன்னாடி அதை எட்டிட்டார்."

மேனேஜர் பேசினார். "சில பேரு வெளிய தப்புத்தப்பாப் பேசுறாங்க. தோட்டத்துல ஏதாவது குறை இருந்தா மகிழ்ச்சி முத்திரை எப்படிக் கெடச்சிருக்கும்? அன்னிக்குப் பொய்யா ஆனைக் குரல் குடுத்து விருந்தாளிகளப் பயமுறுத்தினது பெரிய குத்தம். ஆனா மகாராணி மேல நிர்வாகம் நடவடிக்கை எடுக்கல. மன்னிச்சிட்டோம். அதுமட்டுமில்ல, இனிமே அவங்க செடிக்குள்ள குனிய வேண்டாம். நிலையத்துலயே டீ போடுற வேலை."

எல்லாரும் கைதட்டினார்கள். விசில் ஊதத் தேவையிருக்கவில்லை.

முத்திரை குத்திய முதல் பெட்டியை மேடையில் வைத்திருந்தார்கள். அதன் மூடியில் ஒரு மனிதன் இரண்டு கையையும் தூக்கி ஆடும் படம். முகம் தெரியாதபடி வரைந்திருந்தார்கள். ஆனால் அந்தத் தோள் வெட்டி இழுக்கும் கோணலை மகாராணிக்குத் தெரியாதா?

மருந்து மோட்டார் மேலே ஓடிக்கொண்டிருந்தது. ஓஸைப் பிடித்திருந்தது யாரோ புது ஆள். மூக்கில் துண்டு கட்டியிருந்தான்.

அவள் டிஸ்பென்சரிக்குப் பின்னால் இருந்த அடுப்பில் பாலைக் காய்ச்சினாள். டீத்தூளைப் போட்டாள். பொன்முகட்டில் டீ என்றால் கை தானாக ஏலக்காய்க்குப் போகும். நாலு காயை எடுத்து அம்மியில் வைத்தாள்.

கதவருகே மாஸ்டர் ஈஸ்வர் வந்து நின்றார். வராந்தாவில் மேனேஜர் சிரிக்கும் சத்தம் கேட்டது. மாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மிகவும் அன்பாகச் சொன்னார்.

"எனக்கு மட்டும் ஏலக்காய் போடாம ஒண்ணு கொண்டாங்கம்மா. மருந்தடிச்ச காய் உள்ள போனா எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிரும்."